முதுமை மறதி: மஹல்லா செய்ய வேண்டிய விசாரிப்பு

எல்லாப் பள்ளிவாசலிலும் முதல் ஸஃப்பின் ஓரத்தில் ஒரு பெரியவர் இருப்பார். பாங்கு சொல்வதற்கு முன்பே வந்துவிடுவார். ஒருநாள் ரக்அத் எண்ணிக்கையில் தடுமாறுவார். இன்னொரு நாள் அடுத்தவர் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விடுவார். பிறகு ஒரு தடவை, நாற்பது வருடம் நடந்த தெருவிலேயே வழி தெரியாமல் நின்று, யாரோ கைபிடித்து வீட்டில் கொண்டுவந்து விடுவார்கள். அதன் பின் வீட்டார் அவரை வெளியே விடமாட்டார்கள். அவர் நின்ற இடம் இரண்டு வாரத்தில் நிரம்பிவிடும். அடுத்து அவர் பெயர் ஜமாஅத்தின் காதில் விழுவது பெரும்பாலும் ஜனாஸா அறிவிப்பில்தான்.

இந்த இரண்டுக்கும் நடுவே சில மாதம் போகலாம், பல வருடமும் போகலாம். அந்தக் காலத்தில் அவரை யார் போய்ப் பார்க்கிறார்கள் என்பதைப் பற்றியது இக்கட்டுரை. பட்டு நெசவு ஊரான ஆரணியை மனத்தில் வைத்து எழுதப்பட்டாலும், வட ஆற்காட்டின் மற்ற ஊர்களுக்கும் இது பொருந்தும்.

வயதானால் வரும் சாதாரண மறதிக்கும் இந்த நோய்க்கும் வித்தியாசம் உண்டு. சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது எல்லோருக்கும் நடப்பது. சாவி எதற்கு என்பதே புரியாமல் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் அது நோயின் அறிகுறி. மருத்துவத்தில் டிமென்ஷியா என்பார்கள். அல்சைமர் அதில் அதிகம் காணப்படும் வகை. மூளையின் இரத்தக் குழாய்கள் பாதிக்கப்பட்டு வருவது இன்னொரு வகை. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் மலிந்த நம் ஊர்களில் அந்த இரண்டாவது வகையை லேசாக எண்ண முடியாது. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும் விகிதம் கூடுதல். ஒரு மஹல்லாவில் 60 தாண்டியவர்கள் 200 பேர் இருந்தால், இந்தச் சராசரிப்படி 14 அல்லது 15 பேர். நமக்கு எத்தனை பேரைத் தெரியும்?

இரண்டு மூன்று பேரைத்தான் தெரியும் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தைக் கண்டறிந்த ஆய்வுகளில் ஒன்று ஆரணிக்குப் பக்கத்திலேயே நடந்தது.

கணியம்பாடி சொன்ன செய்தி

ஆரணியிலிருந்து கண்ணமங்கலம் வழியாக வேலூர் போகும் பேருந்தில் ஏறினால், அடுக்கம்பாறைக்கு முன்னால் கணியம்பாடி வரும். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் சமூக நலத்துறை பல பத்தாண்டுகளாகப் பணியாற்றிவரும் ஒன்றியம் அது. உலக அளவில் டிமென்ஷியாவை ஆராய்ந்த "10/66" என்ற ஆய்வுக் குழு, இந்தியாவில் நகர்ப்புறத்துக்குச் சென்னையையும் கிராமப்புறத்துக்கு வேலூரையும் தேர்ந்தெடுத்தது. வேலூர்ப் பகுதியில் வீடு வீடாகப் போய் 65 வயதைக் கடந்த சுமார் ஆயிரம் பேரைப் பார்த்தார்கள். குழுவின் பெயரிலேயே ஒரு குற்றச்சாட்டு உண்டு. டிமென்ஷியா உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருந்தார்கள். ஆய்வுகளில் 10 சதவீதம்கூட அவர்களைப் பற்றியதாக இல்லை.

2008-ல் லான்செட் இதழில் வெளியான முடிவு விசித்திரமானது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் வழக்கமான அளவுகோலைக் கொண்டு பார்த்தால், கிராமப்புற இந்தியாவில் டிமென்ஷியா 0.3 சதவீதம்தான். ஆய்வு நடந்த நாடுகளிலேயே அதுதான் மிகக் குறைவு. படிப்பறிவு குறைந்தவர்களுக்கும் பொருந்தும்படி அக்குழு உருவாக்கிய அளவுகோலால் அதே மக்களைப் பார்த்தபோது விகிதம் பத்து சதவீதத்தை ஒட்டி வந்தது.

ஏன் இத்தனை பெரிய வித்தியாசம்? வழக்கமான அளவுகோல் வீட்டாரிடம் ஒரு கேள்வி கேட்கிறது: முன்பு செய்த வேலைகளை இவர் இப்போது செய்ய முடியாமல் தவிக்கிறாரா? நம் வீடுகளில் வயதானவரிடம் எந்த வேலையையும் விட்டுவைப்பதில்லை. கணக்கை மகன் பார்க்கிறான், சமையலை மருமகள் செய்கிறாள், கடைக்குப் பேரன் போகிறான். செய்ய வேண்டியது எதுவும் இல்லாதவர் எதைச் செய்ய முடியாமல் தவிப்பார்? "ஒன்றும் இல்லை, வயசாயிடுச்சு, அவ்வளவுதான்" என்று வீட்டார் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் காட்டும் மரியாதையே நோயை மறைத்துவிடுகிறது.

இதில் பெருமைப்படவும் வருத்தப்படவும் ஒருசேர இடமிருக்கிறது. பெரியவரை நாம் கைவிடவில்லை என்பது உண்மை. ஆனால் நோய் முற்றி, அவர் இரவில் கதவைத் தட்டி "என்னை என் வீட்டுக்கு அனுப்புங்கள்" என்று கத்தும்வரை நம் கண்ணுக்குப் படுவதில்லை என்பதும் உண்மை. அதற்குள் சரிசெய்திருக்கக்கூடிய சில காரணங்களும் கைநழுவிப் போயிருக்கும். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு, மன அழுத்தம், ஒத்துக்கொள்ளாத மாத்திரைகள் ஆகியவையும் மறதி நோய் போலவே தோற்றம் தரும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. இரண்டு மூன்று நாளில் திடீரென்று ஒருவர் குழம்பிப்போனால் அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். சிறுநீர்த் தொற்று, உடலில் நீர் வற்றுவது, இரத்தத்தில் சோடியம் குறைவது போன்றவை அதற்குக் காரணமாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

இறந்துபோன கணவர் வந்து கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார் என்று ஒரு மூதாட்டி சொன்னால், சில வீடுகளில் முதலில் தேடுவது தாயத்துக்காரரை. இல்லாததைக் காண்பதும், நகையை மருமகள் திருடிவிட்டாள் என்று பழிசொல்வதும் இந்த நோயின் போக்கிலேயே வரக்கூடியவை. ஓதிப் பார்ப்பதை யாரும் தடுக்கவில்லை. மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட அது ஒரு சாக்காகிவிடக் கூடாது.

தறி ஊரில் தனிமை

தனிமை என்றால் ஆளில்லாத வீட்டில் கிடப்பது என்று நினைக்கிறோம். நெசவு ஊரில் வேறுவிதமான தனிமை உண்டு. வீடே தொழிற்கூடம். காலையிலிருந்து தறி ஓடுகிறது. ஒருவர் பாவைப் பார்க்கிறார், ஒருவர் தார் சுற்றுகிறார். வீடு நிறைய ஆள் இருந்தும் பெரியவருடன் பேச ஒருவருக்கும் நேரமில்லை. கண் தெரிந்தவரை ராட்டையில் உட்கார்ந்திருந்தவர், கண் மங்கியதும் அந்த இடத்தையும் இழந்துவிடுகிறார். பிள்ளைகள் சென்னைக்கோ பெங்களூருக்கோ வளைகுடாவுக்கோ போய்விட்ட வீடுகளில் அந்தச் சத்தமும் இருப்பதில்லை. நெசவு செய்யாத குடும்பங்களிலும், அரிசி ஆலையிலோ கடையிலோ காலம் கழித்தவர்களிடமும், கதை பெரிதாக மாறுவதில்லை.

தனிமை இந்த நோய்க்கு விளைவு மட்டுமல்ல, காரணங்களில் ஒன்றும்கூட. 2024-ல் லான்செட் ஆணையம் மாற்றிக்கொள்ளக்கூடிய 14 ஆபத்துக் காரணிகளைப் பட்டியலிட்டது. உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை, புகைபிடித்தல், மனச்சோர்வு ஆகியவற்றோடு காது கேளாமை, பார்வைக் குறைவு, சமூகத் தனிமை ஆகியவையும் அதில் உள்ளன. இந்தப் பதினான்கையும் முற்றாக நீக்க முடிந்தால் உலகில் 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்பது அவர்களின் கணக்கு. கண்புரை அறுவைச் சிகிச்சைக்கு ஒரு பெரியவரை அழைத்துப் போவதும், காது கேட்கும் கருவி வாங்கித் தருவதும் இந்த வகையில் மூளைக்குச் செய்யும் உதவிதான்.

குழித்தறி உள்ள வீடுகளுக்கு ஒரு எச்சரிக்கை. இரவில் எழுந்து நடக்கும் பெரியவருக்கு அந்தக் குழி ஆபத்தானது. தறி நின்றதும் அதன்மேல் பலகை போட்டு மூடிவிடுங்கள். ஒரு சின்ன விளக்கு இரவு முழுக்க எரியட்டும்.

வெறும் கையோடு போய் என்ன செய்வது?

நோயாளியை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிமுக்கு மற்றொரு முஸ்லிம் செய்ய வேண்டிய கடமைகளில் ஒன்று என்பது நாம் அறிந்த ஹதீஸ். மக்கா வெற்றியின்போது அபூபக்ர் (ரலி) அவர்கள், பார்வையிழந்து முதிர்ந்திருந்த தம் தந்தை அபூ குஹாஃபாவை நபி (ஸல்) அவர்களிடம் அழைத்து வந்தார்கள். பெரியவரை வீட்டிலேயே விட்டிருந்தால் நாமே அங்கு வந்திருப்போமே என்ற கருத்தில் நபியவர்கள் பேசியதாக அறிவிக்கப்படுகிறது. வெற்றி பெற்ற படையின் தலைவர், அதுவரை இஸ்லாத்தை ஏற்காதிருந்த ஒரு முதியவரின் வீட்டுக்குத் தாமே போகத் தயாராக இருந்தார்கள். பள்ளிக்கு வர முடியாதவரிடம் பள்ளி போகலாம் என்பதற்கு இதைவிட வேறு முன்மாதிரி தேவையில்லை.

ஆனால் மறதி நோய் உள்ளவரை விசாரிக்கப் போகிறவர் பெரும்பாலும் தப்பான கேள்வியோடுதான் தொடங்குகிறார். "சாச்சா, என்னை யாருன்னு தெரியுதா?" இது நலம் விசாரிப்பது ஆகாது, பரீட்சை வைப்பது. பதில் தெரியாதபோது அவருக்கு வெட்கமும் கோபமும் வரும். "அஸ்ஸலாமு அலைக்கும் சாச்சா, நான் இன்னார் மகன், பள்ளித் தெருவிலிருந்து வருகிறேன்" என்று நீங்களே சொல்லிவிட்டு உட்காருங்கள். ஸலாமுக்குப் பதில் தானாக வரும். எவ்வளவோ மறந்த பின்னும் அது வரும்.

சின்ன வயதில் பதிந்தது கடைசிவரை நிற்கும். காலையில் என்ன சாப்பிட்டோம் என்பது நினைவில்லாதவர் ஃபாத்திஹாவைத் தடையின்றி ஓதுவார். நீங்கள் தொடங்கினால் யாஸீனில் சில ஆயத்துகள் கூடவே வரலாம். கை கற்ற தொழிலும் அப்படியே. மகனின் பெயரை மறந்த நெசவாளரின் கையில் அறுந்த இழையைக் கொடுத்துப் பாருங்கள், விரல்கள் பிணைக்கப் பார்க்கும். சிக்கல் நூலைப் பிரிக்கச் சொல்லி அவர் முன் வைத்தால் அரைமணி நேரம் அமைதியாக அதில் ஆழ்ந்திருப்பார். பிரித்த நூல் உபயோகப்படுமா என்று கேட்காதீர்கள்.

மொழியையும் கவனிக்க வேண்டும். வட ஆற்காட்டு முஸ்லிம்களில் வீட்டில் உருது பேசுவோர் கணிசமாக உண்டு. நோய் வளரும்போது பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் தேயலாம், தாய்மொழி நிற்கும். உருதுவில் வளர்ந்த ஒரு தாதியிடம் தமிழில் மட்டும் பேசும் இளைஞனை அனுப்பினால் இருவருக்கும் சங்கடம். ஆளை அனுப்புமுன் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

அவர் சொல்வது தவறாக இருந்தாலும் மறுத்து வாதாடாதீர்கள். இறந்துபோன தம்பி எங்கே என்று கேட்டால், "அவர் மௌத்தாகிப் பத்து வருஷம் ஆச்சே" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வது, ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு மரணச் செய்தியைத் தருவதாகும். "தம்பிமேல் உங்களுக்கு ரொம்பப் பிரியம் இல்லையா, சின்ன வயசில் எங்கே விளையாடுவீர்கள்?" என்று கேட்டால் பேச்சு நகரும், பொய்யும் சொல்லவில்லை.

வாரம் ஒருமுறை, ஒரே ஆள், ஒரே நேரத்தில் போவது நல்லது. ரமளானில் ஒரு தடவை பத்துப் பேர் கூட்டமாகப் போய் பழக்கூடையோடு படம் எடுத்துக்கொண்டு வருவதால் அந்தப் பெரியவருக்குக் கிடைப்பது குழப்பம்தான்.

இதில் பெண்களுக்குத் தனி ஏற்பாடு வேண்டும். ஆண்கள் பள்ளிக்கு வராமல் நின்றால் கவனிக்க ஒரு வாய்ப்பாவது இருக்கிறது. பெண்கள் ஸஃப்பிலேயே இல்லாத ஊர்களில் அவர்கள் காணாமல் போவது யாருக்கும் தெரியாது. நோயோ பெண்களிடம்தான் அதிகம். நிஸ்வான் மதரஸா ஆசிரியைகள், மகளிர் குழுவினர், அங்கன்வாடிப் பணியாளர்கள் ஆகியோர் வழியாகத்தான் அவர்களைக் கண்டுபிடிக்க முடியும். கேரளத்தில் திருச்சூர்ப் பகுதியில் அங்கன்வாடிப் பணியாளர்களுக்குச் சிறு பயிற்சி கொடுத்து, டிமென்ஷியா இருக்கக்கூடியவர்களை அடையாளம் காட்டச் சொன்னார்கள். அவர்கள் காட்டியவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு நோய் இருப்பதை மருத்துவர்கள் உறுதிசெய்தார்கள். பட்டம் பெறாத, தெருவை அறிந்த பெண்களால் இது முடியும் என்பதற்கு அந்த 2002-ஆம் ஆண்டு ஆய்வே சாட்சி.

பராமரிப்பவளை யார் பார்ப்பது?

பெரியவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, இரவில் நாலு தடவை எழுந்து பார்ப்பது பெரும்பாலும் மருமகளோ மகளோ மனைவியோதான். அவள் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய் எத்தனை நாளாயிற்று என்று யாரும் கேட்பதில்லை. "பெற்றோருக்குச் செய்தால் சொர்க்கம்" என்று சொல்லிவிட்டு எழுந்துபோகும் விருந்தாளிகளால் அவளுக்கு உதவியில்லை. பெற்றோரிடம் "சீ" என்றும் சொல்லக் கூடாது என்ற கட்டளை (17:23) பிள்ளைகளை நோக்கியது. நடைமுறையில் அந்தச் சுமை முழுதும் வேறு வீட்டிலிருந்து வந்த ஒரு பெண்ணின் தலையில் இறங்குகிறது. மகன்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

கோவாவில் 81 குடும்பங்களை வைத்து ஒரு ஆய்வு நடந்தது, 2008-ல் வெளியானது. உள்ளூர் ஆட்களுக்குக் குறுகிய பயிற்சி கொடுத்து, ஆறு மாதம் வீடுகளுக்கு அனுப்பினார்கள். நோயைப் பற்றி விளக்குவது, கோபம், அலைச்சல் போன்றவற்றைச் சமாளிக்க வழி சொல்வது, மருத்துவரிடம் அனுப்புவது, அரசு உதவிகளுக்கு வழிகாட்டுவது ஆகியவைதான் அவர்கள் வேலை. நோயாளியின் நடத்தைப் பிரச்சினைகள் குறிப்பிடும்படி குறையவில்லை. ஆனால் பராமரிப்பவர்களின் மனநலம் தெளிவாக மேம்பட்டது. நட்பு வருகை நோயைக் குணமாக்காது. வீட்டைத் தாங்கிப்பிடிக்கும். ஒரு பெண் வந்து இரண்டு மணி நேரம் பெரியவரோடு உட்கார்ந்திருந்தால், மருமகள் அதற்குள் தூங்கி எழலாம். பல வீடுகளுக்கு அவசரமாகத் தேவைப்படுவது அந்தத் தூக்கம்தான்.

மலப்புறம் காட்டிய வழி

மஹல்லா அளவில் இதை நடத்த முடியுமா என்று சந்தேகப்படுவோர் மேற்கே பார்க்கலாம். வடகேரளத்தில், குறிப்பாக மலப்புறம், கோழிக்கோடு மாவட்டங்களில், 2000-களின் தொடக்கத்தில் அக்கம்பக்கத்துத் தணிப்புப் பராமரிப்பு வலையமைப்பு உருவானது. 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் ஆகியோர் தொடங்கிய வலி நிவாரணப் பணியிலிருந்து கிளைத்தது அது. வாரம் இரண்டு மணி நேரமாவது ஒதுக்க முடிந்தவரைச் சேர்த்தார்கள். 16 மணி நேர வகுப்பும், நான்கு நாள் களப்பயிற்சியும். பயிற்சி முடித்த பத்துப் பதினைந்து பேர் ஒரு குழு. செவிலியரும் மருத்துவரும் பின்னால் துணை நிற்பார்கள். செலவில் பெரும்பகுதி உள்ளூர் மக்களின் சிறு நன்கொடைகள். புற்றுநோயாளிகளுக்காகத் தொடங்கியது, பிறகு படுக்கையில் கிடக்கும் முதியோருக்கும் விரிந்தது. 2008-ல் கேரள அரசு தணிப்புப் பராமரிப்பைக் கொள்கையாகவே அறிவித்தது. ஆட்டோ ஓட்டுநரும் மீன் வியாபாரியும் மாணவரும் அதில் இருக்கிறார்கள், எல்லா மதத்தவரும் இருக்கிறார்கள்.

ஆரணியிலும் அப்படித்தான் இருக்க வேண்டும். ஒரே தெருவில் முஸ்லிம் வீடும் முதலியார் வீடும் இருக்கும்போது விசாரிப்பு ஒரு வாசலோடு நின்றுவிடக் கூடாது.

சில கட்டுப்பாடுகளை முதலிலேயே எழுதிக்கொள்வது நல்லது. போகிறவர்கள் இருவராகப் போகட்டும், பெண்களிடம் பெண்களே போகட்டும். பெரியவரின் ஏடிஎம் அட்டை, நகை, பத்திரம் எதையும் தொடக் கூடாது. வீட்டில் கண்டதை வெளியில் பேசக் கூடாது. உடம்பில் காயத்தையோ, கட்டிப்போட்ட தடயத்தையோ, பட்டினியையோ கண்டால் மட்டும் மறைக்கக் கூடாது. பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும்.

தொழுகை, நோன்பு, கையெழுத்து

மனிதர்களில் சிலர் அறிந்த பின் ஒன்றும் அறியாதவராகும் தள்ளாத வயதுக்குத் திருப்பப்படுவதைக் குர்ஆன் இரண்டு இடங்களில் சொல்கிறது (16:70, 22:5). அந்த நிலையிலிருந்து நபி (ஸல்) அவர்கள் பாதுகாப்புத் தேடியதாக புகாரியில் வருகிறது. எனவே இது தண்டனை என்றோ ஈமான் குறைவு என்றோ பேசுவதற்கு இடமில்லை. புத்தி நீங்கியவர்மீது எழுதுகோல் உயர்த்தப்பட்டுவிட்டது என்ற ஹதீஸின்படி, பகுத்தறியும் நிலையை முற்றாக இழந்தவர்மீது தொழுகையும் நோன்பும் கடமையாக இல்லை. தெளிவு வந்து வந்து போகும் நிலையில் உள்ளவருக்கும், சிறுநீர் கட்டுப்படாதவருக்கும், பரிகாரம் பற்றிய கேள்விகளுக்கும் உள்ளூர் ஆலிமிடம் விவரத்தைச் சொல்லிக் கேளுங்கள். லுஹரை மூன்று தடவை தொழுகிறார் என்று அவரை அதட்ட வேண்டியதில்லை. அருகில் உட்கார்ந்து ரக்அத்தை மெல்லச் சொல்லிக்கொடுக்கலாம்.

ரமளானில் வேறொரு ஆபத்து உண்டு. நோன்பு வைத்ததை மறந்து சாப்பிடுவது சின்ன விஷயம். சஹர் சாப்பிடாமலேயே சர்க்கரை மாத்திரையை மட்டும் போட்டுக்கொள்வதும், போட்டதை மறந்து இன்னொரு தடவை போடுவதும் உயிருக்கே ஆபத்து. மாத்திரைப் பெட்டி அவர் கையில் இருக்கக் கூடாது.

கையெழுத்தும் கைரேகையும் இன்னொரு கவலை. புரிந்துகொள்ளும் நிலையை இழந்துவிட்ட ஒரு பெரியவரிடம் பத்திரத்தில் ரேகை வாங்குவது ஷரீஅத்திலும் நாட்டுச் சட்டத்திலும் நிற்காத காரியம். வஸிய்யத், கடன், அமானிதம் ஆகியவற்றை நோயின் தொடக்கத்திலேயே, அவர் தெளிவாக இருக்கும்போதே, சாட்சிகளோடு எழுதிவிட வேண்டும். பிள்ளைகள் பராமரிக்க மறுத்தால் 2007-ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுச் செய்யலாம். ஆரணியில் கோட்டாட்சியர் அலுவலகம் உண்டு, திருவண்ணாமலைவரை போக வேண்டியதில்லை.

எங்கே போவது?

முதல் படி ஆரணி அரசு மருத்துவமனை. மேல்பரிசோதனைக்கு அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, வேலூர் பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மனநல மையம் ஆகியவை இருக்கின்றன. சென்னையில் ஸ்கார்ஃப் நிறுவனம் முதுமை மறதிக்கென்றே "டெம்கேர்ஸ்" என்ற மையத்தை நடத்துகிறது. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கிறது. படுக்கையில் உள்ளவர்களுக்குத் தணிப்புச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் அதில் உண்டு. அந்தப் பணியாளரிடம் பெரியவரின் மறதியையும் சொல்லுங்கள். முதியோர் உதவி எண் 14567, மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டும் கட்டணமில்லா எண்கள்.

பெரியவரின் சட்டைப் பையில் ஒரு சீட்டு இருக்கட்டும். பெயர், தெரு, மகனின் கைப்பேசி எண், பள்ளிவாசலின் எண் ஆகிய நான்கும் போதும். மழையில் நனைந்து அழியாதபடி லேமினேட் செய்து, உள்பக்கம் தைத்துவிடுங்கள்.